ஜெபிக்க முடியவில்லை, ஆனால் இரவு மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறேன்

கேள்வி: எனக்கு வயது 48. மாமியாருக்கு 81. ஐந்து ஆண்டுகளாக அவர்களுக்கு மறதி நோய். ஒன்றரை ஆண்டாகப் படுத்த படுக்கை. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டும். பெரும்பாலான நாட்களில் என்னை யாரென்றே அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிகிற நாளில், "என் வளையலைத் திருடினவள்" என்கிறார்கள். நல்லாயிருந்த காலத்திலும் என்னிடம் அன்பாக நடந்தவர்கள் அல்ல. கணவர் நல்லவர்தான். ஆனால், "இது ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை, விசுவாசம் உள்ளவள் நீதானே" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். கொழுந்தனாரும் நாத்தனாரும் போனில் விசாரிப்பதோடு சரி. பாடகர் குழுவை விட்டு இரண்டு ஆண்டாகிறது. வேதம் வாசித்து நான்கு மாதமாகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். சபையில் மூத்த சகோதரி ஒருவர், "மார்த்தாளாக இருக்காதே, மரியாளாக இரு" என்று புத்தி சொன்னார். போன வாரம் ஒருநாள் இரவு மூன்று மணிக்கு, துணி மாற்றும்போது அவர்கள் என்னை அடித்தார்கள். கையைப் பிடித்து முரட்டுத்தனமாகத் தள்ளிவிட்டேன். "ஆண்டவரே, இவர்களை எடுத்துக்கொள்ளும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் விசுவாசம் செத்துவிட்டதா? தாங்க முடியவில்லை என்று சொல்வது பாவமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது என் கண்ணில் பட்டது, நீங்கள் எழுதியது அல்ல, எழுதாமல் விட்டது. மாமியாரைத் தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதவில்லை. துணியை மாற்றினீர்களா? மாற்றித்தான் இருப்பீர்கள். ஈரத்துணியோடு விட்டுவிட்டுப் போய்ப் படுத்திருந்தால், குற்ற உணர்ச்சி உள்ள நீங்கள் அதை முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள். செய்த தவறெல்லாம் கடிதத்தில் இருக்கிறது. செய்த வேலை உங்கள் கணக்கிலேயே வரவில்லை.

விசுவாசம் செத்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். அந்தச் சொல்லை வேதத்தில் பயன்படுத்தியவர் யாக்கோபு. "விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்." கண்ணீர் வராவிட்டால் செத்தது, ஜெபத்தில் உருக்கம் இல்லாவிட்டால் செத்தது என்று அவர் எழுதவில்லை. அதற்கு இரண்டு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். துணியும் ஆகாரமும் இல்லாதவர்களைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் வாழ்த்தி அனுப்பிவிடுகிறவர்களைச் சாடுகிறார். யாக்கோபின் அளவுகோலோடு உங்கள் வீட்டுக்குள் வந்தால், அவர் கவலைப்பட வேண்டியது உங்களைப் பற்றி அல்ல. போனில் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்களைப் பற்றி.

"எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று அப்போஸ்தலர்கள் ஆண்டவரிடம் கேட்டது எந்த இடத்தில் என்று நினைவிருக்கிறதா? பிசாசு துரத்தும்போதோ கடல் கொந்தளிக்கும்போதோ அல்ல. லூக்கா 17-ஆம் அதிகாரத்தில், ஒரே நாளில் ஏழுதரம் குற்றம் செய்தவன் ஏழுதரமும் திரும்பி வந்தால் மன்னித்துவிடு என்று அவர் சொன்னவுடன்தான் கேட்கிறார்கள். ஒரே ஆளை, ஒரே நாளில், ஏழுதரம். அதற்குத்தான் விசுவாசம் போதவில்லை என்று பயந்தார்கள். உங்கள் நிலைமை அதைவிடக் கடினமானது. அந்த ஏழுதரமும் குற்றம் செய்தவன் மனஸ்தாபப்பட்டு வருகிறான். உங்கள் மாமியார் வருவதில்லை. இனி வரவும் முடியாது.

இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்; உங்கள் களைப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, நீண்டகால நோயாளிகளின் குடும்பங்களோடு பேசுவதுதான் என் வேலை. பாசமாக வளர்த்த தாயைக் கவனிக்கும் மகளுக்கும் களைப்பு வரும். ஆனால் தன்னைக் காயப்படுத்தியவரைக் கவனிக்கும் மருமகளுக்கு வருகிற களைப்பு வேறு. உடம்பு ஒருவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்க, மனசு அதே ஆளோடு பழைய வழக்கை நடத்திக்கொண்டிருக்கும். அந்த வழக்கில் தீர்ப்பும் வராது. எதிராளிக்கு எதுவும் நினைவில்லை. "அன்றைக்கு ஏன் அப்படிப் பேசினீர்கள்?" என்று கேட்கக்கூட வீட்டில் ஆளில்லை. பேசியவர் போய்விட்டார், உடம்பு மட்டும் இருக்கிறது.

மன்னித்துவிடுங்கள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போக நான் தயாராக இல்லை. நடந்தது நடக்கவில்லை என்று பாவனை செய்வது மன்னிப்பு ஆகாது. அவர்கள் உங்களுக்கு என்னென்ன செய்தார்கள் என்பதை ஒருநாள் ஆண்டவரிடம் பெயர் சொல்லி, தேதி சொல்லிச் சொல்லுங்கள். எழுதியும் வைக்கலாம். நாகரிகமான ஜெபமாக அது இருக்காது. சங்கீதங்களில் பலவும் அப்படித்தான். பிறகு, இந்த வழக்கை நான் நடத்தப்போவதில்லை, நீரே பார்த்துக்கொள்ளும் என்று ஒப்படையுங்கள். அடுத்த நாளே திரும்ப எடுத்துக்கொள்வீர்கள். திரும்ப ஒப்படையுங்கள். ஏழுதரம் என்று சொன்னது இதையும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம்.

அவர்கள்மேல் பாசம் வரவில்லையே என்று தவிக்காதீர்கள். பாசம் வேறு, பவுல் சொல்லும் அன்பு வேறு. 1 கொரிந்தியர் 13-இல் அன்பு என்னென்ன செய்யும், என்னென்ன செய்யாது என்றுதான் பட்டியல் இருக்கிறது. அன்பு எப்படி உணரும் என்று ஒரு வரி இல்லை.

நீங்கள் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர் என்று கடிதத்தின் நடையிலேயே தெரிகிறது. இருந்தாலும் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியைப் பற்றிச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் லிசியே என்ற ஊரில் இருந்த தெரேசா. 15 வயதில் 1888-இல் மடத்தில் சேர்ந்து, 1897-இல் 24 வயதில் காசநோயால் இறந்துபோனவர். அதே மடத்தில், நடக்க முடியாத, சிடுசிடுப்பான ஒரு மூத்த சகோதரி இருந்தார். மாலையில் அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போக யாரும் விரும்பவில்லை. வேகமாக நடந்தால் விழவைக்கப் பார்க்கிறாய் என்பார். மெதுவாக நடந்தால் பிடிக்கவே இல்லையே என்பார். தெரேசா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொண்டுபோய் உட்கார வைத்த பிறகு, அந்த மூதாட்டியின் கைகளுக்கு ரொட்டியை வெட்டச் சிரமமாக இருப்பதைக் கவனித்து, கேட்காமலே வெட்டிக் கொடுத்துவிட்டு வருவார். அவ்வளவுதான் கதை.

இதே தெரேசாவுக்கு 1896-ஆம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் விசுவாசம் இருண்டுபோனது. பரலோகம் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகம் அவரைப் பிடித்து ஆட்டியது. சாகும்வரை, சுமார் 18 மாதம், அந்த இருட்டு விலகவில்லை. அதற்காக அவர் தன்னை அவிசுவாசி என்று எண்ணி ஒதுங்கவும் இல்லை, கூட இருந்தவர்களிடம் அன்பு காட்டுவதை நிறுத்தவும் இல்லை. உள்ளே வெளிச்சம் இல்லாத நாட்களில் விசுவாசம் எங்கே இருக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால், கையில் இருக்கும் என்பேன். இரவு மூன்று மணிக்கு எழுந்து ஈரத்துணியை மாற்றுகிற கையில்.

உங்கள் சபையின் மூத்த சகோதரி சொன்ன மார்த்தாள், மரியாள் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். லூக்கா 10-இல், இயேசு வீட்டுக்கு வந்தபோது மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்கிறாள், அவள் சகோதரி மார்த்தாள் வேலையில் அலைகிறாள். ஆனால் மார்த்தாளின் கதையை லூக்காவோடு நிறுத்திவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்கிறோம். யோவான் 11-ஐப் பாருங்கள். சகோதரன் செத்து நான்கு நாளான வீட்டிலிருந்து எழுந்து போய், "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று நான் விசுவாசிக்கிறேன்" என்று அறிக்கை செய்தவள் மரியாள் அல்ல, மார்த்தாள். அடுத்த அதிகாரத்தில் அதே ஊரில் விருந்து. "மார்த்தாள் பணிவிடைசெய்தாள்" என்று எழுதியிருக்கிறது. திரும்பவும் அதே வேலை! இந்த முறை ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. முதல் முறையும் அவர் குறை சொன்னது வேலையை அல்ல. "அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் சொன்னார். இன்னொன்றும் கவனியுங்கள். மார்த்தாளின் முறையீடே, என்னைத் தனியே வேலைசெய்ய விட்டுவிட்டாளே என்பதுதான். உங்களை மரியாளாக இருக்கச் சொன்னவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் வந்து மாமியாரோடு உட்கார்ந்திருந்தால், நீங்களும் கொஞ்சநேரம் மரியாளாக இருந்திருப்பீர்கள். (இதை அவரிடம் இவ்வளவு சூடாகச் சொல்ல வேண்டாம். ஆனால் கேளுங்கள்: "அக்கா, நீங்கள் வந்து உட்கார முடியுமா?" என்று. சில நேரம் அப்படிப் புத்தி சொல்கிறவர்கள், கேட்டால் வந்துவிடுவார்கள்.)

தாங்க முடியவில்லை என்று சொல்வது பாவமா? நம் வேதாகமத்தில் பொறுமை என்று வரும் பல இடங்களில் கிரேக்கத்தில் இருக்கும் சொல் "ஹுப்பொமோனே". பாரத்துக்குக் கீழே தங்கியிருத்தல், ஓடிப்போகாமல் நிற்றல் என்பது அதன் வேர்ப்பொருள். நம்முடைய பேச்சில் பொறுமை என்றால் வாய் திறக்காமல் இருப்பது என்று ஆகிவிட்டது. குறிப்பாகப் பெண்களுக்கு. பொறுத்துப் போ, பொறுத்தார் பூமி ஆள்வார் என்றெல்லாம் சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம். "யோபின் பொறுமையைக் குறித்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்று யாக்கோபு எழுதும்போதும் இதே சொல்தான். அந்த யோபு என்ன செய்தான்? தான் பிறந்த நாளைச் சபித்தான். அதிகாரம் அதிகாரமாகத் தேவனோடு வழக்காடினான். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களை, நீங்களெல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர் என்று முகத்துக்கு நேரே சொன்னான். இவ்வளவையும் சேர்த்துத்தான் வேதம் பொறுமை என்கிறது. அவன் தேவனோடு பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. "ஆண்டவரே, இவர்களை எடுத்துக்கொள்ளும்" என்று நீங்கள் சொன்னீர்களே, ஜெபிக்க முடியவில்லை என்கிற நீங்கள், அந்த நேரத்தில் யாரோடு பேசினீர்கள்?

நோயாளி சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்ற எண்ணம் நீண்டநாள் பராமரிப்பில் இருக்கும் பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது வந்திருக்கும். என்னிடம் வருகிறவர்கள் அதைக் கதவை மூடச் சொல்லிவிட்டுத்தான் சொல்வார்கள். என் தகப்பனாரின் கடைசி மாதங்களில் எனக்கும் வந்தது. அவர் கஷ்டம் தீரவேண்டும் என்பது பாதி. என் கஷ்டம் தீரவேண்டும் என்பது பாதி.

ஆனால் தள்ளிவிட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை நடந்தது, தூக்கமில்லாமல் இப்படியே போனால் திரும்பவும் நடக்கும். இனி அடிக்க வந்தால், அவர்கள் விழாதபடி பார்த்துவிட்டு, அறையை விட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். ஈரத்துணி ஐந்து நிமிடம் காத்திருக்கும். அடிக்கிற நோயாளி பெரும்பாலும் பயத்தில் அடிக்கிறார். முன்பின் தெரியாத ஒரு பெண் நடுராத்திரியில் தன் உடையைக் கழற்றுவதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும். தொடுவதற்கு முன் விளக்கைப் போட்டு, முகத்துக்கு நேரே நின்று, என்ன செய்யப்போகிறீர்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். வளையலைத் திருடினாய் என்றால் இல்லை என்று வாதாட வேண்டாம். திருட்டுப் பழி இந்த நோயின் சாதாரண அறிகுறி. வைத்த இடம் மறந்துபோகும். காணாமல்போனதற்கு மூளை ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் மாட்டிக்கொள்வார். "வாங்க, தேடுவோம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். நாலைந்து நாளில் திடீரென்று குழப்பமோ ஆவேசமோ கூடினால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புது மாத்திரை, இப்படி ஏதாவது காரணம் இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கும் மருத்துவர் வேண்டும். தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை, ஓயாத குற்ற உணர்ச்சி ஆகியவை ஆவிக்குரிய வறட்சி மாதிரியே இருக்கும். மனச்சோர்வு நோயும் அப்படித்தான் இருக்கும். எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். உங்களையோ மாமியாரையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் அடுத்த நாள்வரை காத்திருக்காதீர்கள். அப்போதே ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லி, மருத்துவ உதவிக்குப் போய்விடுங்கள். ஜெபத்தில் தூங்கிவிடுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. சூரைச்செடியின்கீழே, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று படுத்துக்கொண்ட எலியாவைத் தூதன் தட்டி எழுப்பியது பிரசங்கம் பண்ண அல்ல. சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பத் தூங்கினான். தூதன் தூங்கவிட்டான்.

இனி உங்கள் கணவர். "ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை" என்கிறார். சிலுவையைப் பற்றி ஆண்டவர் சொன்னது, ஒருவன் தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்று. தானே எடுத்துக்கொள்வது. இன்னொருவர் தோளில் எடுத்து வைக்கும் காட்சி சுவிசேஷத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது: சிரேனே ஊரானாகிய சீமோன். அவனைப் பலவந்தம்பண்ணிச் சுமக்கவைத்தவர்கள் ரோமப் போர்ச்சேவகர்கள். அதே காட்சியில் இன்னொன்றும் தெரிகிறது. இயேசுவே தம்முடைய சிலுவையை வழி முழுக்கத் தனியாகச் சுமக்கவில்லை.

ராபர்ட்சன் மெக்வில்கின் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் ஒரு வேதாகமக் கல்லூரியின் தலைவர். மனைவி மியூரியலுக்கு அல்சைமர் நோய் வந்து, கணவர் பக்கத்தில் இல்லாவிட்டால் தவித்துப்போகும் நிலை வந்தபோது, 1990-இல் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்கு வந்து அவரைக் கவனித்தார். மியூரியல் இறந்தது 2003-இல். உங்கள் கணவர் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குடும்பம் நடக்க வேண்டும். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மருமகளுக்கென்று பிறந்த வரம் என்று அவர் நினைத்தால், அதைக் கொஞ்சம் அசைக்கத்தான் இதைச் சொன்னேன். பெற்றோருக்குப் பதில் நன்மை செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்று 1 தீமோத்தேயு 5-இல் பவுல் எழுதியது பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும். மருமகளைத் தனியே குறிப்பிட்டு அல்ல. உங்கள் மாமியாருக்குப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

கலாத்தியர் 6-ஐ இந்த ஆண்டு குடும்ப ஜெபத்தில் வாசித்தால் ஒன்றைக் கவனியுங்கள். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று இரண்டாம் வசனம். "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்று ஐந்தாம் வசனம். தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்கத்தில் இரண்டு வேறு சொற்கள். முதலாவது நசுக்கும் சுமை. இரண்டாவது ஒருவர் தன் பங்காகத் தூக்கும் மூட்டை. உங்கள் வீட்டில் மூன்று பேருடைய மூட்டைகள் ஒருவர் முதுகில் ஏறி, நசுக்கும் சுமையாகிவிட்டன. அதை இறக்கச் சொல்வது விசுவாசத்தில் பின்வாங்குவது அல்ல. சிலுவையில் தொங்கிக்கொண்டே இயேசு தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தார். தாயைப் பராமரிக்க இன்னொருவரை ஏற்பாடு செய்வது அன்புக் குறைவு என்றால் அவர் அதைச் செய்திருக்கமாட்டார்.

ஆகவே கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மூன்று பேரையும் ஒரே நேரத்தில் பேச வையுங்கள், போனிலாவது. ஒரு நாளில் என்னென்ன வேலை, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி வாசியுங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாய், நன்றி என்று சொல்கிறவர்களுக்கு அது எத்தனை மணி நேரம் என்று பெரும்பாலும் தெரியாது. "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஆகட்டும் என்பார்கள், ஒன்றும் நடக்காது. வாரத்தில் மூன்று இரவு கணவர் எழுந்திருப்பது, மாதத்தில் இரண்டு நாள் நாத்தனார் வந்து தங்குவது, கூலிக்கு ஆள் வைத்தால் கொழுந்தனார் அதில் பாதி கொடுப்பது என்று தெளிவாகக் கேளுங்கள். மறுத்தால் உங்கள் போதகரை உட்கார வைத்துப் பேசுங்கள். முதல் கூட்டத்திலேயே எல்லாம் கிடைத்துவிடாது. பாதி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேதவாசிப்பை நான்கு மாதப் பாக்கியோடு சேர்த்து முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு சங்கீதம் போதும். நான் 88-ஆம் சங்கீதத்தைச் சொல்வேன். கடைசிவரை துதியாக மாறாத சங்கீதம் அது, அப்படியே வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மாமியாரின் அறையிலேயே சத்தமாக வாசியுங்கள். மறதி நோய் முற்றியவர்களில் சிலர், பேரப்பிள்ளைகளின் பெயர் போன பிறகும் சின்ன வயதில் பாடிய பாட்டை முணுமுணுப்பதை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் பாடகர் குழுவில் இருந்தவர். துணி மாற்றும்போது அவர்களுக்குத் தெரிந்த பழைய பாமாலை ஒன்றைப் பாடிப் பாருங்கள். அடிக்கிற கை சில நாள் அடங்கும். சில நாள் அடங்காது.

பாடகர் குழுவின் பயிற்சி எந்தக் கிழமை என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு மாலையை முதலில் கேட்டு வாங்குங்கள். மற்றப் பங்கீடெல்லாம் அதற்குப் பிறகு. ஏழு மணிக்குப் பயிற்சி என்றால் ஆறரைக்குக் கிளம்பிவிடுங்கள். நீங்கள் வாசலைத் தாண்டும்போது மாமியார் கூப்பிடுவார்கள், கணவர் டயப்பர் எங்கே இருக்கிறது என்று கேட்பார். அலமாரியில் இரண்டாவது தட்டு என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.